ஃபயர்வால்: கூடவே வந்தது போதுமா, தனியாக ஒன்று வேண்டுமா?

கணினிக்குள் வரும், வெளியே போகும் இணைப்புகளைச் சோதிக்கும் காவல்தான் ஃபயர்வால். இயங்குதளத்தோடு வருவது போக, தனியாக ஒன்று போடலாமா என்று யோசிக்கும் முன், எதைத் தடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே வருவதையா, வெளியே போவதையா?

உள்ளே வருவதற்கு விண்டோஸ் ஃபயர்வாலே தாராளம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது இருந்தும் அணைத்தே கிடந்தது. 2003இல் பிளாஸ்டர் புழு (தானாகப் பரவும் தீநிரல்) 135ஆம் போர்ட் (கணினியின் எண்ணிட்ட இணைப்பு வாசல்) வழியாகப் புகுந்து ஆட்டம் காட்டியது; 2004இல் வந்த சர்வீஸ் பேக் 2 முதல் ஃபயர்வால் தானாகவே இயங்குகிறது. நாம் கேட்காமல் வரும் இணைப்பை மறுக்கும். வெளியே போவதை, நாமாக விதி எழுதாதவரை கண்டுகொள்ளாது. மேக்கில் இருப்பதும் உள்வரவை மட்டுமே பார்க்கும். லினக்ஸ் வகையான உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் நிறுவப்பட்டே வந்தாலும் நாம்தான் இயக்க வேண்டும்.

இதில் ஓட்டை விழுவது பெரும்பாலும் நம் கையால்தான். விண்டோஸ் ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி திரையைத் திறந்து இன்பவுண்ட் ரூல்ஸ் (உள்வரவு விதிகள்) பட்டியலைப் பாருங்கள். எப்போதோ நீக்கிய விளையாட்டும் டோரண்ட் மென்பொருளும் பச்சை டிக்கோடு இன்னும் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு அவசரத்தில் ‘அனுமதி’ அழுத்தியதன் மிச்சம் அது. அடையாளம் தெரிகிற பழையவற்றை முடக்குங்கள். கோர் நெட்வொர்க்கிங் என்று தொடங்குபவற்றில் கை வைக்க வேண்டாம். அப்புறம், வைஃபையின் வகை ‘பப்ளிக்’ என்று இருக்கட்டும். பிரிண்டரையோ ஃபோல்டரையோ பகிர்ந்தால் மட்டும் ‘பிரைவேட்’.

ரவுட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். ரவுட்டர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அதே வைஃபையில் இருக்கும் வைரஸ் பிடித்த இன்னொரு கருவி உங்கள் கணினியைத் தட்டினால் அது தடுக்காது. மடிக்கணினியை வெளியே கொண்டுபோனால் கூட வராது. திறந்த போர்ட் இருக்கிறதா என்று இணையத்திலிருந்து பார்க்கும் ஷீல்ட்ஸ்அப் போன்ற சோதனையில் எல்லாம் பச்சையாக வந்தாலும், வீட்டில் இருந்து பார்க்கும்போது அது பெரும்பாலும் ரவுட்டருக்கான மதிப்பெண்தான். ரவுட்டரில், கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியை அணைத்து, ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள். ஐபிவி6இல் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைப்பதால், நாட் (பல கருவிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை) தரும் மறைவு அங்கே கிடையாது.

வெளியே போவதைக் கட்டுப்படுத்தத் தனி மென்பொருள்கள் உண்டு: விண்டோஸில் சிம்பிள்வால், போர்ட்மாஸ்டர். மேக்கில் இலவச லூலு, காசு கொடுத்து வாங்கும் லிட்டில் ஸ்னிட்ச். சிம்பிள்வால் சிறியது, கறாரானது. நீங்கள் அனுமதிக்காத எதையும் விடாது. போர்ட்மாஸ்டர் கனமானது, ஆனால் எந்த நிரல் எந்தத் தளத்தோடு பேசுகிறது என்று விவரமாகக் காட்டும். தெரிந்துகொள்ளும் ஆசைக்கு என் ஓட்டு போர்ட்மாஸ்டருக்கே. சிக்கல் நம் பொறுமையில் இருக்கிறது. ‘இந்த நிரலை வெளியே விடலாமா?’ என்று கேட்டு முதல் நாள் வரும் அறிவிப்புகளை நிதானமாகப் படிப்போம். போகப்போகப் படிக்காமலே ‘சரி’ போடுவோம். எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் கேள்வி வரும்போது அனுபவசாலியே திணறுவார்: விண்டோஸின் பல சேவைகள் அந்த ஒரே பெயரில்தான் இயங்குகின்றன. தடுத்தால் அப்டேட் நிற்கலாம். விட்டால் எதை விட்டோம் என்றே தெரியாது. நிர்வாகி உரிமை பெற்றுவிட்ட தீநிரல் விதிகளையே மாற்றிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தரங்கம்தான் கவலை என்றால், இந்தப் பாடெல்லாம் படும் முன்பு டிஎன்எஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றுங்கள். வழக்கமான டிஎன்எஸ் கேள்விகள் 53ஆம் போர்ட்டில் மறைப்பின்றிப் போகின்றன. விண்டோஸ் 11இல் நெட்வொர்க் அமைப்பிலேயே குவாட்9இன் 9.9.9.9 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 கொடுத்து, குறியாக்கத்தையும் இயக்கலாம். குவாட்9 தீங்கான தளங்களையும் தடுக்கும் என்பதால் வீட்டுக்கு அதையே சொல்வேன். ஆனாலும் நீங்கள் போகும் தளத்தின் பெயர், இணைப்பு தொடங்கும் நேரத்தில் பெரும்பாலும் இணைய நிறுவனத்துக்குத் தெரியும். அதையும் மறைக்க விபிஎன் (உங்கள் இணைப்பை மறைத்து வேறொரு நிறுவனத்தின் வழியாக அனுப்பும் சேவை) வேண்டும். அப்போது இணைய நிறுவனம் பார்த்ததை விபிஎன் நிறுவனம் பார்க்கும். இருவரில் யாரை நம்புவது என்பது உங்கள் கணக்கு. விபிஎன் போட்டால், டிஎன்எஸ் கேள்விகளும் அதன் வழியாகவே போகின்றனவா என்று ஒரு லீக் சோதனையில் பார்த்துவிடுங்கள்.