பைப்ராஜ்: வானிலைச் செயற்கைக்கோள் படங்களின் ஆயத்தொலைவுகளை மாற்றும் லைப்ரரி

ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வானிலைச் செயற்கைக்கோள் எடுத்த படத்தில், குறிப்பிட்ட ஒரு பிக்சல் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் விழுகிறது என்று அறியப் பைத்தான் நிரலாளர்கள் பெரும்பாலும் நாடுவது பைப்ராஜ் லைப்ரரியைத்தான். நிலவரைபடத் துறையில் பல பத்தாண்டுகளாகப் புழங்கிவரும் ப்ராஜ் மென்பொருளைப் பைத்தானிலிருந்து இயக்க உதவும் இது, எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தானின் நிறுவல் கருவியான ‘பிப்’ வழியாக நிறுவினால் ப்ராஜும் உடன் வந்துவிடுகிறது.

அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளான கோஸ்-16இன் படக் கோப்புகளில் எக்ஸ், ஒய் மதிப்புகள் ரேடியனில் அமைந்த கோணங்களாகவே உள்ளன. ப்ராஜின் ‘ஜியோஸ்’ வீழலோ (செயற்கைக்கோள் பார்வையில் உருண்டையான பூமியைத் தட்டையான படமாக்கும் கணித முறை) மீட்டரை எதிர்பார்க்கிறது. எனவே கோப்பிலேயே தரப்பட்டுள்ள 3,57,86,023 மீட்டர் உயரத்தால் அவற்றைப் பெருக்கிய பிறகே மாற்றத்தைத் தொடங்க வேண்டும். மற்ற அமைப்புகளும் சரியாக இருந்தால் அதன்பின் கணக்கு பிசகுவதில்லை. பூமியின் விளிம்புக்கு வெளியே விழும் பிக்சல்களுக்குப் பொய்யான இடத்தைக் காட்டாமல் முடிவிலியைத் திருப்பித் தருவது பாராட்டத்தக்க நேர்மை.

என் முதன்மையான குறை ‘ஸ்வீப்’ என்னும் அளவுருவைப் பற்றியது. கருவி எந்த அச்சை முதன்மையாகக் கொண்டு பூமியை வருடுகிறது என்பதைக் குறிக்கும் இதற்கு, கோஸ்-16 படங்களில் ‘எக்ஸ்’ என்றும், ஐரோப்பாவின் மெட்டியோசாட், ஜப்பானின் ஹிமாவாரி ஆகியவற்றின் படங்களில் ‘ஒய்’ என்றும் தர வேண்டும். எதுவும் தராவிட்டால் ப்ராஜ் ‘ஒய்’ என்றே எடுத்துக்கொள்கிறது. எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. நிலநடுக்கோட்டிலும் செயற்கைக்கோளுக்கு நேர்கீழே செல்லும் தீர்க்கரேகையிலும் விடை சரியாகவே இருப்பதால், படத்தின் நடுப்பகுதியை மட்டும் சரிபார்ப்பவருக்குத் தவறு புலப்படாது. மூலைவிட்டத் திசையில் விலக விலகப் பிழை வளர்ந்து, விளிம்பை நெருங்கும்போது பல பிக்சல்களை எட்டிவிடும். புயலின் மையத்தைக் குறிப்பவருக்கு இது சிறிய பிழையல்ல. அளவுருக்களைக் கையால் எழுதாமல், கோப்பிலுள்ள வீழல் விவரங்களை ‘ஃப்ரம்_சிஎஃப்’ செயற்கூறிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பான வழி என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

2019இல் வெளியான ப்ராஜ் 6க்குப் பிறகு, அட்சரேகை, தீர்க்கரேகைகளுக்குப் பரவலாகப் பயன்படும் இபிஎஸ்ஜி 4326 என்னும் ஆயத்தொலைவு முறையில் அட்சரேகையே முதலில் வருகிறது. தீர்க்கரேகை முதலில் வேண்டுமெனில் ‘ஆல்வேஸ்_எக்ஸ்ஒய்’ என்பதை இயக்கிக்கொள்ள வேண்டும்.

வேகத்தில் குறை சொல்ல இடமில்லை, ஆனால் மாற்றியை ஒவ்வொரு பிக்சலுக்கும் புதிதாக உருவாக்காமல் ஒரே முறை உருவாக்கி, நம்பை அணிகளை (எண்களை மொத்தமாகக் கையாளும் பைத்தான் லைப்ரரியின் எண் வரிசைகளை) மொத்தமாகத் தர வேண்டும். 2 கிலோமீட்டர் தெளிவிலான முழுவட்டப் படத்தில் 5424 × 5424, அதாவது 2.94 கோடி பிக்சல்கள் உள்ளன. ஒவ்வோர் அணியும் சுமார் 235 மெகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்வதால், சிறிய கணினியில் தேவையான பகுதியை முதலில் வெட்டியெடுப்பது நல்லது.

பைப்ராஜ் புள்ளிகளை மட்டுமே மாற்றும். படத்தைப் புதிய கட்டத்துக்கு மாற்றியமைக்க பைரீசாம்பிள் போன்ற வேறொரு லைப்ரரி தேவை. மேகத்தின் உயரமும் பைப்ராஜின் கணக்கில் சேராது. செயற்கைக்கோள் செங்குத்திலிருந்து 60 பாகைச் சாய்வில் நோக்கும் இடத்தில், 15 கிலோமீட்டர் உயரமுள்ள இடிமேகத்தின் உச்சி ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தள்ளித் தெரியும். ரேடார் படத்தோடு ஒப்பிட விரும்புவோர், மேக உச்சியின் உயரத் தரவும் கையில் இருந்தால், இத்திருத்தத்தைச் செய்யும் வசதியுள்ள சாட்பை லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கலாம்.