இருப்பதா, மாறுவதா, நிறுத்திவைப்பதா?

"பிடித்ததைப் படி" என்று சொல்வது சுலபம். எது பிடிக்கும் என்றே தெரியாமல் முழிக்கிற பிள்ளைக்கு அதனால் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. சிங்கப்பூரில் இந்தக் கேள்வி சீக்கிரமே வாசலுக்கு வந்துவிடுகிறது. சாதாரண நிலைத் தேர்வு (ஓ லெவல்) முடிந்த பதினாறு, பதினேழு வயதில் தொடக்கக் கல்லூரியா (ஜேசி), பலதுறைத் தொழிற்கல்லூரியா (பாலிடெக்னிக்) என்று ஒருமுறை. மேல்நிலைத் தேர்வு (ஏ லெவல்) முடிவு வந்த கையோடு எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று இன்னொருமுறை. இரண்டு முறையும் அப்பாவிடம் ஒரு பட்டியல் இருக்கும், சித்தப்பாவிடம் வேறொன்று இருக்கும். பிள்ளையிடம்தான் ஒன்றும் இருக்காது. எதையோ எழுதிப் போட்டு, இடம் கிடைத்து, உள்ளே போயாகிவிடும். மூன்றாம் பருவம், நான்காம் பருவம் வரும்போது காலையில் எழுந்து வகுப்புக்குப் போவதே பெரும்பாடாக இருக்கும்.

உள்ளே போய்விட்டவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு: அதே படிப்பில் இருந்து முடிப்பது, வேறு படிப்புக்கு மாறுவது, சிறிது காலம் நிறுத்திவைப்பது. இன்னும் சேராதவர்களுக்கு நான்காவதாக ஒன்று உண்டு. எனக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இருந்து முடிப்பதே மேல். ஆனால் சும்மா இருந்து முடிப்பதல்ல.

நான்காவதைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். முடிவெடுப்பதைத் தள்ளிப்போட இடம் தரும் படிப்புகள் இப்போது இங்கே நிறையவே இருக்கின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் பொறியியல், வணிகம், தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்குப் பொது நுழைவுத் திட்டம் உண்டு. முதலில் பொதுப் பாடங்களைப் படித்துவிட்டு அப்புறம் எந்தப் பட்டயம் என்று தேர்ந்தெடுக்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கலைப் புலத்தையும் அறிவியல் புலத்தையும் இணைத்து அமைத்த மனிதவியல், அறிவியல் கல்லூரிக்கு 2021இல் முதல் மாணவர்கள் வந்தார்கள். உள்ளே வந்தபின் முதன்மைப் பாடத்தை முடிவு செய்ய அங்கே அவகாசம் உண்டு. சாங்கிப் பக்கம் இருக்கும் சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் முதல் மூன்று பருவங்கள் எல்லாருக்கும் பொது. தொடக்கக் கல்லூரியும் ஒரு வகையில் இரண்டாண்டு அவகாசம்தான், ஆனால் அங்கே தேர்வு நெருக்கடியில் யோசிக்கவே நேரம் கிடைக்காது. கையால் செய்து பார்த்தால்தான் ஒன்று பிடிக்குமா என்று சொல்ல முடிகிற பிள்ளைக்குப் பொது நுழைவுத் திட்டம்தான் சரி. மூன்றாண்டுப் பட்டயத்துக்குள் வேலைப் பயிற்சியும் வந்துவிடுகிறது.

இனி உள்ளே இருப்பவர்கள் விஷயம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாடம் பிடிக்கவில்லையா, அல்லது பிடித்துத் தள்ள ஆள் இல்லாமல் போய்விட்டதா? நம் வீடுகளில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் துணைப்பாட ஆசிரியர், அம்மாவின் நச்சரிப்பு, வாரத்துக்கொரு பரீட்சை என்று பிள்ளையின் ஊக்கம் வாடகைக்கு வந்துகொண்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் அந்த வாடகை ஊக்கம் ஒரே நாளில் நின்றுபோகிறது. வரவில்லையே என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், இயந்திரப் பொறியியல் இரண்டாமாண்டு. ஜூரோங் வட்டார நூலகத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆறு வாரமாகப் பார்க்காமல் விட்ட விரிவுரைப் பதிவுகளை இரட்டை வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். பேராசிரியரின் குரல் கார்ட்டூன் பொம்மையின் குரல் போலக் கீச்சிடுகிறது. இவள் ஒரு கையால் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். "எனக்குப் பொறியியலே வெறுத்துப்போச்சு அங்கிள்" என்றாள். அன்று அவள் படித்தது பொறியியலா, இரட்டை வேகமா என்பதே எனக்குச் சந்தேகம். ஆய்வுக்கூட வேலை எப்படி என்று கேட்டால் முகம் மாறிவிடுகிறது. குழுவில் நான்கு பேர், அதில் இவள்தான் கருவியைப் பிரித்து மாட்டுகிறவளாம்! பாடத்தை வெறுத்தவள் அதைச் செய்ய மாட்டாள்.

இப்படிப்பட்டவர்களுக்கு இருந்து முடிப்பதுதான் சரி. அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, இங்கே எல்லா வேலைக்கும் குறிப்பிட்ட பட்டம் தேவையில்லை. மருத்துவர், பல் மருத்துவர், வழக்கறிஞர், மருந்தாளர், கட்டடக் கலைஞர், தாதி போன்ற உரிமம் கேட்கும் தொழில்களுக்குத்தான் அந்தந்தப் படிப்பு கட்டாயம். அரசாங்க வேலைகளிலும் தனியார் வேலைகளிலும் எந்தத் துறைப் பட்டமும் செல்லுபடியாகிற இடங்கள் ஏராளம். இரண்டாவது, உரிமத் தொழில்களிலேயே சிலவற்றுக்குப் பட்டத்துக்குப் பிறகும் கதவு திறந்திருக்கிறது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களைத்தான் சேர்த்துக்கொள்கிறது, நான்காண்டுப் படிப்பு. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் வேறு துறைப் பட்டதாரிகள் சட்டம் படிக்க ஒரு படிப்பு உண்டு. ஆசிரியராக விரும்பும் பட்டதாரிகளுக்குத் தேசியக் கல்விக் கழகம் பயிற்சி தருகிறது. இருபது வயதில் கதவு மூடிவிட்டது என்று அழுகிற பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆனால் இருப்பது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதல்ல. அப்படி இருந்தால் நான்காம் ஆண்டில் பட்டமும் வராது, பல்லும் மிஞ்சாது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு பாடத்தையாவது மதிப்பெண் கணக்குப் பார்க்காமல் ஆசைக்காக எடுங்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் குறிப்பிட்ட அளவு பாடங்களுக்கு எஸ்/யூ வசதி (தேர்ச்சி உண்டா, இல்லையா என்று மட்டும் காட்டுவது) இருக்கிறது. மதிப்பெண் வந்தபின் பார்த்து, வேண்டாமென்றால் சராசரியில் சேராமல் விட்டுவிடலாம். இதைச் சொதப்பிய பாடத்தை மறைக்கத்தான் எல்லாரும் சேமித்து வைக்கிறார்கள். தெரியாத துறையை எட்டிப் பார்க்கச் செலவழித்தால் அதன் பலன் பெரியது. மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை நீளும் விடுமுறையில் ஒரு வேலைப் பயிற்சி எடுத்தால், வகுப்பில் பல மாதங்களில் தெரியாதது அங்கே சில வாரங்களில் தெரிந்துவிடும். அப்புறம் குழு வேலை. தனக்கென்று ஊக்கம் இல்லாத காலத்தில் அடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம்தான் ஆளை எழுப்பி உட்கார வைக்கிறது. திட்டப்பணி அதிகமுள்ள பாடங்களைப் பார்த்துச் சேருங்கள். பதிவை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்கிற பாடங்களை விட்டு ஓடுங்கள்.

மாறுவது வேறு கதை. அதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. புதிய துறை, புதிய நண்பர்கள், பழைய மதிப்பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பு. ஆனால் அந்த நினைப்புதான் தப்பு. மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் முதலில் பார்ப்பது இப்போதைய மதிப்பெண் சராசரியைத்தான். வெறுப்பில் படிக்காமல் விட்டு, சராசரி ஐந்துக்கு இரண்டு என்று இறங்கியபின் கணினித் துறைக்குப் போகிறேன் என்றால் யார் இடம் தருவார்கள்? வெளியே போவதற்கும் மதிப்பெண் வேண்டும். மாற நினைக்கிறவர்கள்தான் இப்போதைய படிப்பை இன்னும் ஒழுங்காகப் படிக்க வேண்டியிருக்கிறது. கசப்பான உண்மை, ஆனால் உண்மை.

பணமும் இருக்கிறது. கல்வி அமைச்சின் கட்டண மானியம் ஒரு பட்டப்படிப்பின் வழக்கமான காலத்துக்குத்தான். அதில் சில பருவங்களைத் தின்றுவிட்டு வேறு படிப்பில் முதலிலிருந்து தொடங்கினால், கடைசியில் மானியம் இல்லாமல் முழுக் கட்டணம் கட்டும் நிலை வரலாம். கலை, அறிவியல் படிப்புகளுக்கு மானியத்தோடு குடிமக்களுக்கு ஆண்டுக்கு எட்டாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் வருகிறது. மானியம் இல்லாவிட்டால் மும்மடங்கைத் தாண்டும். மாற்ற விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எத்தனை பருவம் மானியம் மிச்சம் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே எடுத்த பாடங்களில் எவை புதிய படிப்பில் சேரும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். இந்த இரண்டு பதிலைப் பொறுத்துத்தான் மாற்றம் மலிவா, விலையுயர்ந்ததா என்பது தெரியும்.

பல வீடுகளில் இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று தெரிந்ததுதான்.

"அப்பா, நான் கோர்ஸ் மாத்தலாம்னு இருக்கேன்."

"மாத்தி எங்க போற?"

"அது இன்னும் முடிவு பண்ணலப்பா. இது வேணாம்."

அதோடு அப்பா நாளிதழை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார், பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும். அப்பாவின் கேள்வியைத் திட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். "எங்க போற" என்பதற்குப் பதில் இருந்தால் மாறுங்கள், "இது வேணாம்" என்பது மட்டும்தான் பதில் என்றால் இருங்கள். வேறு துறையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் சுவாரசியமான பக்கத்தைப் பார்த்து மயங்காமல் அலுப்பான பக்கத்தைப் போய்ப் பாருங்கள். உளவியல் என்றால் மனிதர்களின் மனம் என்று நினைத்துப் போகிறவர்கள் முதலில் புள்ளியியலில் முட்டிக்கொள்கிறார்கள். சட்டம் என்றால் நீதிமன்றப் பேச்சு இல்லை, பக்கம் பக்கமாகத் தீர்ப்புகளை வாசிப்பது. கணினி என்றால் பாதி நேரம் ஓடாத நிரலை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அங்கே படிக்கும் ஒருவரிடம் பயிற்சித் தாளை வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து பாருங்கள். அந்த அலுப்பு உங்களால் தாங்கக்கூடியதாக இருந்தால், அது உங்கள் துறையாக இருக்க வாய்ப்பு உண்டு.

மாறுவதில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, அதை அவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆண்பிள்ளைகள் கட்டாயமான தேசிய சேவையில் (ராணுவம், காவல்துறை போன்றவை) இரண்டாண்டு போய்விட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். தொடக்கக் கல்லூரியிலிருந்து நேராக வந்த ஒரு பெண் ஓர் ஆண்டு படித்துவிட்டு இருபதாவது வயதில் வேறு படிப்பின் முதலாண்டில் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கும் பையனைவிட மூத்தவளாக இருக்க மாட்டாள். "ஒரு வருசம் வீணாப் போச்சே" என்று புலம்பும் பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம். பையன்களுக்கு வேறு மாதிரிச் சாதகம். இடம் கிடைத்த படிப்பைப் பல்கலைக்கழகம் தேசிய சேவை முடியும்வரை பிடித்து வைத்திருக்கும், அந்த இரண்டாண்டில் வேறு படிப்புக்குப் புதிதாக விண்ணப்பித்தும் பார்க்கலாம். முகாமில் வார இறுதியில் தூங்கியே கழிக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் கேட்க மாட்டார்கள், சொல்லி வைக்கிறேன்.

மூன்றாவது வழி, விடுப்பு எடுத்து நிறுத்திவைப்பது. உடம்போ மனமோ சரியில்லை என்றால் வேறு யோசனையே வேண்டாம், எடுத்துவிடுங்கள். பல்கலைக்கழக ஆலோசகரைப் போய்ப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றபடி, "யோசிக்க நேரம் வேண்டும்" என்று எடுக்கிற விடுப்பில் எனக்கு நம்பிக்கை குறைவு. வீட்டில் உட்கார்ந்து யோசித்துத் தன் துறையைக் கண்டுபிடித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. முதல் மாதம் தூக்கம், இரண்டாம் மாதம் கைப்பேசி, மூன்றாம் மாதம் அம்மாவோடு சண்டை. விடுப்பு என்றால் கையில் ஒரு வேலையோடு எடுங்கள். பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலையோ, அலுவலக வேலையோ, கடை வேலையோ, ஏதாவது ஒன்று. காலையில் எழுந்து போக ஓர் இடமும் மாதக் கடைசியில் சம்பளமும் இருந்தால் யோசனை தானாக ஓடும்.

விடுப்பு நீண்டு, படிப்பையே விட்டுவிடுவதாக ஆனால் கணக்கு மாறும். பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்து கல்விக் கடன் எடுத்திருந்தால், படிப்பை முடித்தாலும் சரி, பாதியில் விட்டாலும் சரி, ஓர் ஆண்டு கழித்து வட்டியோடு திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். தமிழகத்திலிருந்து மாணவர் அனுமதி அட்டையில் வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் இறுக்கம். அந்த அட்டை படிப்போடு கட்டுண்டது. படிப்பு நின்றால் இங்கே தங்கும் உரிமையும் கேள்விக்குறி. கட்டண மானியம் வாங்கியிருந்தால் படிப்பு முடிந்து மூன்றாண்டு இங்கே வேலை செய்வதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தமும் இருக்கும். அவர்கள் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும்.