கப்பல் கேபினில் நான்கு ராத்திரி, தூங்கியது ஒன்றரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சத்தம் எனக்குப் புதிதில்லை. வீடு சென்னை பழவந்தாங்கலில். ஒரு பக்கம் மின்சார ரயில், இன்னொரு பக்கம் விமான நிலையம், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தெரு நாய்களின் பொதுக்குழு. வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருபது வருஷம். இரும்புத் தகட்டை அடிக்கிற பவர் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு போன் பேசுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன், சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்புகிற நான்கு ராத்திரிக் கப்பல் பயணத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தத்துக்குத் தோற்றுவிட்டேன்.

கப்பல் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். சாப்பாடு நன்றாக இருந்தது, சைவம் தனியாகக் கேட்டால் கொடுத்தார்கள், பொண்ணு தண்ணீர்ச் சறுக்கை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள், அதெல்லாம் சரி. நான் எழுத வந்தது கேபினைப் பற்றி மட்டும்தான். போகிறவர்கள் எல்லோரும் பால்கனியா, ஜன்னலா, உள் ரூமா என்று பார்க்கிறார்களே தவிர, அந்த ரூமுக்கு மேலே என்ன, கீழே என்ன, பக்கச் சுவரில் கதவு இருக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

தி. நகரில் ஒரு டிராவல்ஸ் மூலமாகத்தான் போட்டோம். அந்தத் தம்பி 'கேரண்டி கேபின் எடுத்துக்கோங்க சார், ரேட் கம்மி, எல்லா ரூமும் ஒண்ணுதான்' என்றார். கேரண்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் நமக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது இல்லையா, மிக்ஸிக்குக் கொடுப்பது மாதிரி ஏதோ என்று நினைத்தேன். விஷயம் நேர் எதிர். அந்த ரகத்தில் ஒரு ரூம் கிடைக்கும் என்பது மட்டும்தான் கேரண்டி, எந்த ரூம் என்பதைக் கம்பெனி கடைசியில் முடிவு செய்யும். நம்பர் தெரிந்து தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாம் நல்லதை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பது நமக்கு. எங்களுக்கு வந்தது நீச்சல் குள டெக்குக்கு (டெக் என்றால் கப்பலின் தளம்) நேர் கீழே ஒரு உள் ரூம், அதுவும் பக்கத்து ரூமோடு நடுக்கதவு வைத்தது. கூட வந்த என் மச்சான் குடும்பத்துக்கு (மனைவியின் அண்ணன்) கீழ் டெக்கில், கப்பலின் மூக்குப் பக்கம்.

முதல் ராத்திரி. விளக்கை அணைத்தால் உள் ரூம் கும்மிருட்டு, கையை நீட்டினால் கை தெரியாது. அந்த இருட்டில்தான் ஒன்று உறைத்தது. சீலிங் ஃபேன் இல்லை. ஏசி இருக்கிறது, ஆனால் அது உஸ் என்று கூடச் சொல்லாமல் கிடக்கிறது. நாம் பிறந்ததிலிருந்து ஃபேன் சத்தத்துக்கு அடியில் தூங்கியவர்கள். ஃபேன் காற்றுக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அது ராத்திரி முழுக்க ஒரே சீராக இரைந்து மற்ற சத்தங்களின் மேல் போர்வை போர்த்திவிடுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. போர்வையை எடுத்துவிட்டால் பக்கத்து ரூம்காரர் தண்ணீர் குடிப்பது கூடக் காதில் விழுகிறது.

மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே விழுந்தது. நடுக்கதவுதான் காரணம். அது பூட்டித்தான் இருக்கும், ஆனால் கீழே ஒரு விரல்கடை இடைவெளி. அவர்கள் டிவியில் ஓடிய கிரிக்கெட் வர்ணனையை நான் இருட்டில் படுத்துக் கேட்டேன். ஒரு விக்கெட்டுக்கு எழுந்து உட்கார்ந்தேன் என்று கூடச் சொல்லலாம்.

கப்பல் கேபின் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் இதில் ஆச்சரியம் இல்லை. பெரும்பாலும் தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாக, பாத்ரூம் உட்பட முழுசாகச் செய்து, கொண்டுவந்து கப்பலுக்குள் தள்ளிப் பொருத்துகிறார்கள். சுவர் என்பது செங்கல் இல்லை, மெல்லிய இரும்புத் தகடு, நடுவில் கம்பளி மாதிரி ராக் வூல். சந்தேகமாக இருந்தால் ஃப்ரிட்ஜ் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், ஒட்டும். (பொண்ணு நாலு காந்தம் வைத்து தினசரி நிகழ்ச்சி அட்டையைச் சுவரிலேயே மாட்டிவிட்டாள். நல்ல யோசனை.)

தொழில் புத்தி விடவில்லை, ஊர் வந்ததும் விதியைத் தேடிப் படித்தேன். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் சத்த விதி ஒன்று 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட புதிய கப்பல்களில் கேபினுக்குள் 55 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் ஊரில் 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, ராத்திரி 45 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே கப்பல் விதியில் இரண்டு கேபின்களுக்கு நடுவில் உள்ள சுவர் 35 டெசிபல் அளவுக்காவது சத்தத்தைத் தடுக்க வேண்டும், நடுக்கதவு இருந்தால் 30 போதும் என்று எழுத்திலேயே இருக்கிறது. ஐந்து டெசிபலை விதியே விட்டுக்கொடுத்துவிட்டது, அந்த வழியாகத்தான் கிரிக்கெட் வந்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை, அந்த விதி கப்பலில் வேலை செய்பவர்களுக்காக எழுதியது. காசு கொடுத்துப் போகிற நம் ரூமுக்கு அது பொருந்தாது.

சரி, டிவி பன்னிரண்டு மணிக்கு நின்றது. அசந்திருப்பேன். நாலே முக்காலுக்குத் தலைக்கு மேல் 'கர்ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். நின்றது. திரும்ப 'கர்ர்ர்ர்ர்'. மேலே குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசையில் வைக்கிறார்கள், டெக்கைக் கழுவி விடிவதற்குள் தயார் செய்ய வேண்டும், அவர்கள் வேலை அது. எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்து அதற்குள் நம்மை உட்கார வைத்து, மேலே ஒருவர் கரண்டியால் சுரண்டினால் எப்படி இருக்குமோ அப்படி. எண்ணினேன், நாற்பத்தியிரண்டு நாற்காலி. பிரஸ் ஷாப்பில் அடி எப்போது விழும் என்று தாளம் தெரியும், அதனால் உடம்பு பழகிக்கொள்கிறது. இதில் தாளமே இல்லை. அடுத்த நாற்காலி எப்போது என்று காத்திருப்பதிலேயே தூக்கம் போய்விட்டது.

என் பைக்குள் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் ஃபோம் இயர் பிளக் ஒரு ஜோடி கிடந்தது, பாரிமுனைப் பக்கம் சேஃப்டி சாமான் கடையில் பாக்கெட்டாக வாங்குவது. அதை முதல் ராத்திரியே மனைவிக்குக் கொடுத்திருந்தேன். காலையில் 'ஒண்ணும் கேக்காம இல்ல, எல்லாம் கேட்டுச்சு' என்றாள். பார்த்தால், காது வாசலில் கம்மல் மாதிரி வைத்திருக்கிறாள். இதை எங்கள் ஷாப்பில் புதிதாக வரும் பையன்களுக்கு வாரம் ஒரு தரம் சொல்வேன்: சுத்தமான விரலால் மெல்லிசாகத் திரி மாதிரி உருட்ட வேண்டும், மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்தால் துவாரம் நேராகும், அப்போது உள்ளே விட்டு, விரிந்து முடிக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியில் பாதி நீட்டிக்கொண்டிருந்தால் அது நகைதான். ஒழுங்காகப் போட்டால் பேச்சு, டிவி, வராண்டாக் கதவு 'டமார்' எல்லாம் நன்றாகக் குறையும். அடித்தொண்டைச் சத்தம், அதாவது இன்ஜின் உறுமல், படுக்கை வழியாக எலும்பில் ஏறும் அதிர்வு, அதற்கு ஃபோம் அவ்வளவாக உதவாது.

'அலாரம் அடிச்சா எப்படிங்க கேக்கும்?' என்று கேட்டாள், நியாயமான கேள்வி. ஏழு குட்டைச் சத்தம், பிறகு ஒரு நீளச் சத்தம், அதுதான் அபாய அறிவிப்பு, ஏறிய அன்றே ஒத்திகையில் கேட்கவைக்கிறார்கள். கேபினில் தூங்குகிற இடத்தில் அது 75 டெசிபலாவது இருக்க வேண்டும், சுற்றியிருக்கும் சத்தத்தைவிட 10 டெசிபல் கூடவும் இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு விதி. ஆனாலும் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம், மூன்று பேரில் ஒருவர் ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்வது என்று. அந்த ஒருவர் தினமும் நான்தான்.

இரண்டாவது நாள் பினாங்கு. கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே நிற்கிறது, நடந்தே லிட்டில் இந்தியா போய்விடலாம், கடைக்காரர் தமிழிலேயே 'என்ன வேணும் அண்ணே' என்கிறார். நம் ஊரிலும் ஜார்ஜ் டவுன், அங்கேயும் ஜார்ஜ் டவுன், இரண்டிலும் இயர் பிளக் கிடைக்கிறது. கரையில் போனில் சிக்னல் வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். 'அம்மா, ஹால் ஃபேனுக்குக் கீழ உக்காந்து, பேசாம, ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு.' 'என்னடா ஆச்சு உனக்கு?' பத்து நிமிடம் விளக்கிய பிறகு மூன்று நிமிடப் பதிவு வந்தது. நடுவில் ஒரு தடவை பீச் ஸ்டேஷன் போகிற ரயிலின் ஹாரன், கடைசியில் அம்மா மெதுவாக 'போதுமாடா?'. பொண்ணு அதைத் திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி செய்து தந்தாள். அன்றைக்கு ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்து ஓடவிட்டேன், நாலே முக்கால் வரைக்கும் அப்படி ஒரு தூக்கம். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை 'போதுமாடா' கேட்டது என்று மனைவி சொல்கிறாள், எனக்குத் தெரியாது. பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதையும் ஓடவிட்டு, அந்தக் கதவைக் கால்வாசி திறந்து வைத்தால் இன்னும் நல்லது.

மச்சான் கதை வேறு. அவர் ரூமில் நாற்காலி இல்லை, கிரிக்கெட் இல்லை, ராத்திரி பூராவும் அமைதி. ஆனால் துறைமுகத்துக்குள் நுழையும்போது கப்பலை பக்கவாட்டில் தள்ள மூக்குப் பக்கம் அடியில் தனிச் சுழலி வைத்திருக்கிறார்கள், அது ஓட ஆரம்பித்தால் கட்டில் நடுங்குகிறது. புக்கெட்டில் அதைவிட விசேஷம். அங்கே கப்பல் கரையில் கட்டவில்லை, கடலில் நங்கூரம் போட்டு நின்றது. நங்கூரச் சங்கிலி இறங்கிய சத்தத்தில் மனிதர் லைஃப் ஜாக்கெட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். 'மாப்ள, கப்பல் ரெண்டா உடையுதுன்னு நெனச்சேன்' என்றார் காலையில் இட்லித் தட்டோடு. அதற்காகக் கப்பலின் பின்பக்கம் நல்லது என்றும் நினைக்க வேண்டாம், அங்கே புரொப்பல்லர் அதிர்வு.

புக்கெட்டை விட்டுக் கிளம்பிய ராத்திரி கடல் கொஞ்சம் அசைந்தது. அப்போது எங்கள் ரூமே பேச ஆரம்பித்தது. கட்டிலுக்கு மேல் சீலிங் தகடு 'கிறீச்', பத்து நொடி விட்டு 'கிறீச்'. அலமாரியில் ஹேங்கர்கள் 'டிங் டிங்'. ஹேங்கர் சுலபம், காலியாக இருப்பதை எல்லாம் எடுத்துப் படுக்க வைத்துவிடலாம், துணியோடு இருப்பதை நெருக்கித் தள்ளலாம். டிராயரில் ஒரு பாட்டில் உருண்டுகொண்டிருந்தது, கைக்குட்டையைச் செருகினேன். நடுக்கதவின் கீழே குளியல் துண்டைச் சுருட்டி அடைத்ததில் பாதி கிரிக்கெட் குறைந்தது, அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வேக்யூம் டாய்லெட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மூடியை மூடிவிட்டு பட்டனை அழுத்துங்கள், இல்லாவிட்டால் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும், சிங்கம் தும்முகிற மாதிரி ஒரு சத்தம். சீலிங்கை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நாலாவது நாள் காலை ரிசப்ஷனில் போய்ச் சொன்னேன். முறையிடப் போகும்போது 'சத்தமா இருக்கு' என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. எந்த இடம், எத்தனை மணி, என்ன மாதிரிச் சத்தம் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார், ஆனால் வேலை நடந்தது. ரூம் மாற்ற முடியாது, கப்பல் நிறைந்திருக்கிறது என்றார். மத்தியானம் ஒரு டெக்னீஷியன் வந்து, ஏணி போட்டு, தகட்டு இணைப்பில் ஒரு மெல்லிய ஃபோம் பட்டையைச் செருகினார். இரண்டு நிமிட வேலை, கிறீச் போயே போச்சு. பக்கத்து ரூமிலும் யாரோ பேசியிருக்க வேண்டும், டிவி இறங்கியது. நாற்காலி மட்டும் நிற்கவில்லை, ஆனால் மறுநாள் காலை ஐந்தரைக்குத்தான் ஆரம்பித்தது. இதை முதல் காலையிலேயே செய்யாமல் மூன்று ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது என் முட்டாள்தனம், அதற்குக் கப்பல்காரர்கள் பொறுப்பில்லை.

மதிப்பெண் கேட்டால், சாப்பாட்டுக்கு ஐந்துக்கு நாலு, ரிசப்ஷனுக்கு நாலரை, கேபினுக்கு ஒன்றரை. டிராவல்ஸ் தம்பிக்கு மதிப்பெண் போட மாட்டேன், அவர் கப்பலில் போனதே இல்லையாம், திரும்பி வந்த பிறகுதான் சொல்கிறார். நீங்கள் போடுவதாக இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது ரூம் நம்பரைத் தெரிந்து எடுங்கள். டெக் படம் எல்லாக் கம்பெனியும் போட்டிருக்கிறது, அதில் உங்கள் ரூமுக்கு நேர் மேலே உள்ள டெக்கையும் நேர் கீழே உள்ள டெக்கையும் திறந்து, மேலேயும் கீழேயும் வெறும் கேபின்களே இருக்கிற இடமாக, கப்பலின் நடுவாகப் பாருங்கள். லிஃப்டுக்கு ஒட்டின மாதிரி வேண்டாம். படத்தில் ஒன்றுமே எழுதாத வெள்ளைக் கட்டம் பக்கத்தில் இருந்தால் அது பெரும்பாலும் ஊழியர்கள் வண்டி தள்ளிக்கொண்டு போகிற இடம், அதுவும் வேண்டாம். இரண்டு கேபினுக்கு நடுவில் சின்னதாக ஒரு முக்கோணமோ அம்புக்குறியோ போட்டிருந்தால் பெரும்பாலும் நடுக்கதவு என்று அர்த்தம்.

மச்சான் டிசம்பருக்குத் திரும்பப் போட்டுவிட்டாராம், இந்தத் தடவை பால்கனி ரூம், நேற்று ராத்திரி நம்பரை அனுப்பி 'சூப்பர்ல?' என்று கேட்டிருந்தார். இப்போதுதான் படத்தைத் திறந்து பார்த்தேன். மேலே ஜிம். கீழே டான்ஸ் ஃப்ளோர். மூன்று தடவை போன் போட்டுவிட்டேன், எடுக்க மாட்டேன் என்கிறார்.