மரத்தூளும் ஜிகினாவும்: ஒரு தையல்காரி பார்த்த சர்க்கஸ் படம்

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எனக்குத் தையல் கடை. அப்பா வைத்த கடை, இப்போது நான் நடத்துகிறேன். போன ஞாயிறு சாயங்காலம் எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு சுவீடன் படம் போட்டார்கள். வாசலில் ஒட்டியிருந்த தாளில் 'சாடஸ்ட் அண்ட் டின்சல்' என்று எழுதியிருந்தது. அங்கே நின்ற கல்லூரிப் பையனிடம் அர்த்தம் கேட்டேன். "மரத்தூளும் ஜிகினாவும், அக்கா. சர்க்கஸ் கதை" என்றான். ஜிகினா என்றதும் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இங்மர் பெர்க்மன் 1953-இல் எடுத்த படம். கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம். காலம் 1900 வாக்கில். விடியற்காலை இருட்டில் குதிரை வண்டிகள் வரிசையாக ஊர்ந்து வருகின்றன. உள்ளே ஒரு ஓய்ந்துபோன சர்க்கஸ். முதலாளி ஆல்பர்ட்டிடம் காசு இல்லை, ஆட்களுக்குச் சோறு இல்லை, போட்டுக்கொள்ள நல்ல உடுப்பும் இல்லை. குதிரைமேல் வித்தை காட்டும் ஆன் அவனோடு வாழ்கிறாள். அவன் கட்டிய மனைவியும் பிள்ளைகளும் இருக்கிற ஊருக்குத்தான் இப்போது வண்டிகள் போகின்றன. ஒரே நாளில் கதை முடிந்துவிடுகிறது.

சர்க்கஸ் படம் என்றால் அந்தரத்தில் தொங்குவதும் கத்தி வீசுவதும் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். வித்தைகள் கொஞ்சம்தான். என் கண்ணுக்கு இது உடுப்பைப் பற்றிய படம். உடுப்பு இல்லாதவர்கள் உடுப்பு உள்ளவர்கள் முன்னால் போய் நிற்பதுதான் முழுக்க முழுக்க.

தொடக்கத்திலேயே வண்டியோட்டி ஒரு பழைய கதை சொல்கிறான். கோமாளி ஃப்ராஸ்ட்டின் மனைவி ஆல்மா, பீரங்கிப் பயிற்சி நடக்கும் கடற்கரையில் சிப்பாய்கள் பார்க்க உடுப்பைக் களைந்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறாள். செய்தி கேட்டு ஃப்ராஸ்ட் ஓடி வருகிறான். முகத்தில் வெள்ளைச் சாயத்தோடு அவனும் தண்ணீரில் இறங்கி அவளைப் பிடிக்கிறான். அதற்குள் கரையில் கிடந்த துணிகளை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். தன் உடம்பால் அவளை மறைத்துத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு கூரான கல்லில் நடக்கிறான். விழுகிறான், எழுகிறான். சுற்றிலும் எல்லாரும் சிரிக்கிறார்கள். வாய் திறப்பது தெரிகிறது, குரல் கேட்பதில்லை. மேளமும் பீரங்கியும்தான். உச்சிவெயிலில் கண் கூசுவதுபோல அந்தப் பகுதி முழுவதையும் வெளுக்க வைத்திருக்கிறார்கள். பேச்சைக் கீழே மலையாள எழுத்தோடு போட்டார்கள், எழுத்தும் வெள்ளை. இந்த இடத்தில் எழுத்து படத்தோடு கரைந்து காணாமல் போனது. ஒரு நஷ்டமும் இல்லை.

எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது, பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு சின்ன சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தது. அங்கே சைக்கிள் ஆட்டம் காட்டும் ஒரு பெண் இரண்டு பை நிறையக் கிழிந்த உடுப்போடு பஸ் ஏறி எங்கள் கடைக்கு வந்தாள். தலச்சேரிப் பக்கத்து மலையாளம் பேசினாள், நாங்கள் சேச்சி என்று கூப்பிட்டோம். பையைப் பிரித்ததும் வேர்வையும் முகப்பவுடரும் மண்ணெண்ணெயும் சேர்ந்த வாசனை. வெளியே பார்த்தால் பளபளவென்று சிவப்பு சாட்டின், மேலே சம்கி. உள்ளே திருப்பினால் ஒட்டுமேல் ஒட்டு, தையல்மேல் தையல். முதலில் இருந்த துணி எது என்றே தெரியவில்லை.

சம்கி வைத்த துணியில் மெஷின் ஓட்டினால் ஊசி முறியும். தையல் போகிற வழியில் இருக்கும் சம்கியை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்து, தைத்து முடித்த பிறகு கையால் திரும்பக் கட்டவேண்டும். உடம்போடு ஒட்டி, இழுத்தால் கொடுக்கவும் வேண்டும். அப்பாவிடம் இருந்தது நேர்த்தையல் மட்டும் போடும் கால் மெஷின், அதனால் முக்கால்வாசி வேலையைக் கையாலேயே செய்தார்.

இரண்டாம் நாள் அவள் உடுத்தி வந்ததும் சர்க்கஸ் உடுப்புதான், மேலே ஒரு சட்டையை மாட்டியிருந்தாள். அதிலும் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது, அன்று சாயங்காலமே ஆட்டம். கழற்றிக் கொடுத்துவிட்டு உள்பாவாடையோடு திரைக்குப் பின்னால் நின்றாள். எதிர் டீக்கடையில் இருந்தவர்களுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, ஐந்தாறு பேர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள், ஒருவன் விசிலடித்தான். அப்பா எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். "அம்மிணி, நீங்க உட்காருங்க, ஒண்ணுமில்லை" என்றார். அம்மா வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் புடவை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். சேச்சி அதை உடம்பைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு, தையல் முடியும்வரை சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் கழித்து அந்த சர்க்கஸ் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. பாதிக் கூலி வரவே இல்லை. அப்பா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். ஆல்பர்ட்டும் ஆனும் ஊரில் இருக்கும் நாடகக் கம்பெனிக்குப் போய் உடுப்பு இரவல் கேட்கிறார்கள். படத்தில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது. இருப்பதில் நல்லதைப் போட்டுக்கொண்டு போகிறார்கள், அந்த மேடையில் நின்றதும் அதுவே அவர்களைக் காட்டிக் கொடுக்கிறது. நாடக முதலாளியாக வரும் குன்னார் பியோர்ன்ஸ்ட்ராண்ட் சத்தம் போடாமல், அழகான வார்த்தைகளில் அவமானப்படுத்துகிறார். நீங்கள் வண்டியில் தூங்குகிறீர்கள், நாங்கள் அழுக்கு ஓட்டலில். நீங்கள் பணயம் வைப்பது உயிரை, நாங்கள் வைப்பது எங்கள் செருக்கை. எங்களில் கடைசி ஆள்கூட உங்களில் முதல் ஆளின்மேல் துப்பலாம். ஏறக்குறைய இப்படிப் போகிறது பேச்சு. இருவரும் கூத்தாடிப் பிழைப்பவர்கள்தான், ஒரு படி மேலே நிற்பவனுக்குத்தான் அவ்வளவு திமிர். கடைசியில் உடுப்பு தருகிறார். அதை வாங்கிக்கொள்ள வேண்டியிருப்பதுதான் கொடுமை.

அடுத்து ஆல்பர்ட் மனைவி ஆக்தாவைத் தேடிப் போகிறான். அவள் சின்னதாக ஒரு கடை நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, நிம்மதியாக இருக்கிறாள். இவனுக்குச் சாப்பாடு போடுகிறாள், கோட்டை வாங்கித் தைத்துக் கொடுக்கிறாள். திரும்ப வந்துவிடட்டுமா என்று கேட்கிறான். தைத்துக் கொடுத்த அதே கை வேண்டாம் என்கிறது. அவள் நிறைவு என்று சொல்கிற அமைதி, அவனுக்கு வெறுமையாகத் தெரிகிறது. கோபமே இல்லாமல் இவ்வளவு உறுதியாக ஒரு பெண் பேசி நான் திரையில் அதிகம் பார்த்ததில்லை.

உடுப்புகளைச் செய்தவர் மாகோ. பெர்லினில் பிறந்து சுவீடனுக்கு வந்து சேர்ந்தவர். ஒரு துணிகூட நேற்றுத் தைத்ததாகத் தெரியவில்லை. மடிப்பு விழவேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறது, தொங்கவேண்டிய இடத்தில் தொங்குகிறது. இந்தத் தொழிலில் புதுத்துணியை அழகாகத் தைப்பது சுலபம். பல வருஷம் ஒரே ஆள் உடுத்திய துணி மாதிரி தைப்பது பெரிய கஷ்டம்.

ஆனாக வரும் ஹாரியட் ஆண்டர்சனைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கோபம், ஆசை, பயம் மூன்றும் ஒரே முகத்தில் மாறி மாறி வருகின்றன. நாடக நடிகன் ஃபிரான்ஸ் ஒரு தாயத்தைக் காட்டி, இது பெரிய விலை போகும், வருஷக்கணக்கில் சாப்பிடலாம் என்று ஆசை காட்டுகிறான். அவள் ஏமாறுகிறாள். அது செல்லாக்காசு. அந்தப் பாத்திரத்தை முதலிலிருந்தே அயோக்கியனாக எழுதிவிட்டார்கள், அது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. அதைவிடப் பெரிய குறை ஆல்மா. அவள் ஏன் அன்று தண்ணீரில் இறங்கினாள் என்று படம் அவளைக் கேட்கவே இல்லை. வண்டியோட்டி சொல்கிறான், கோமாளி துடிக்கிறான், ஊர் சிரிக்கிறது. அவள் பக்கத்துக் கதையை யாரும் தைக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். வளையத்துக்குள் நடக்கும் சண்டையில் ஒரு மனிதனை ஊரே பார்க்க அடித்து நொறுக்குகிறார்கள். கிழட்டுக் கரடி ஒன்றுக்கு நேர்வதையும் தாங்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தை வைத்து ஆட்டம் காட்டக் கூடாது என்று 1998-இல் மத்திய அரசு அறிவித்து, 2001-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அந்தக் கரடியைப் பார்த்தபோது அது எவ்வளவு நல்ல காரியம் என்று தோன்றியது.

கேரளத்தில் இந்தப் படத்தைப் போடுவதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் தலச்சேரியில் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். நாடெங்கும் கூடாரம் போட்ட கம்பெனிகளுக்கு அந்த வட்டாரத்திலிருந்துதான் ஆட்கள் போனார்கள். எங்கள் சேச்சியும் அந்த வழியில் வந்தவள்தான்.

வாசகசாலையில் நல்ல திரை, பாட்டுச் சத்தம்தான் கொஞ்சம் அதிகம். பின்வரிசையில் உட்கார்ந்தால் எழுத்து படிக்க முடியாது, மூன்றாம் வரிசைக்குள் இடம் பிடியுங்கள். டிக்கெட் இல்லை.

இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்கள். அன்றைக்கு அம்மாவை அழைத்துப் போகிறேன். அவளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்லவேண்டும். ஆல்மா வரும் இடத்தில் மட்டும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.