கொம்பு இடம் மாறாத பிடிஎஃப்: டோக்குவிக்கியின் டிடபிள்யூ2பிடிஎஃப் செருகுநிரல்

தமிழில் விக்கி (பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளம்) நடத்துகிறவர்கள் அதைப் புத்தகம்போல் அச்சிட நினைத்தால், டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருளும், அதன் பக்கங்களைப் பிடிஎஃப்பாக்கும் டிடபிள்யூ2பிடிஎஃப் செருகுநிரலும் போதும். இரண்டும் இலவசம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்கள் தோட்டத்து முன்னாள் குடியிருப்பாளர்களின் விக்கியைப் பார்த்துக்கொள்கிறவள் நான். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும் இல்லை. எந்த லயத்தில் யார் இருந்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது, திருவிழாவில் எந்த நாள் யாருடைய உபயம் என்பதெல்லாம் இப்போது அந்த விக்கியில்தான் இருக்கிறது. தட்டச்சு செய்வது பேரப்பிள்ளைகள். சொல்கிறவர்களோ எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். தாங்கள் சொன்னதை அவர்கள் தாளில் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதனால் பிடிஎஃப் எங்களுக்கு முக்கியம்.

முதலில் எழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தமிழில் இங்கேதான் எல்லாம் கெடுகிறது. இதற்கு முன் வேறொரு விக்கி மென்பொருளை வைத்திருந்தோம். திரையில் குறையே இல்லை. பிடிஎஃப் எடுத்தால் ‘வேலை’ என்ற சொல்லில் இரட்டைக்கொம்பும் சங்கிலிக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. யூனிகோடில் மெய்தான் முதலில் பதிவாகும், உயிர்க்குறி அடுத்து வரும். அதை இடப்பக்கம் எடுத்து வைப்பது பிடிஎஃப் தயாரிக்கும் நிரலின் வேலை. சில நிரல்களுக்கு அது தெரியாது. ‘கங்காணி’, ‘கிராணி’ போன்ற சொற்களில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. எந்த மென்பொருளைச் சோதித்தாலும் ‘கோயில்’, ‘மேஸ்திரி’, ‘கொட்டகை’ என்று எழுதிப் பாருங்கள்.

டிடபிள்யூ2பிடிஎஃப்புக்கு உள்ளே எம்பிடிஎஃப் என்ற நிரல் இருக்கிறது. அது எழுத்துருவுக்குள் இருக்கும் ஓப்பன்டைப் விதிகளை (இந்திய எழுத்துகள் எப்படிச் சேர வேண்டும் என்பதை) படித்துக் கொம்புகளைச் சரியான இடத்தில் வைக்கிறது. கூடவே வரும் ஃப்ரீசெரிஃப் எழுத்துருவில் தமிழும் உண்டு, ஆகவே தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நீங்கள் செய்ய வேண்டும். 1948 ஜூன் 16-இல் எங்கள் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் பிறந்ததைப் பற்றி ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். தோட்டங்களின் பெயர்கள் அதில் ரோமன் எழுத்திலும் வருகின்றன. தமிழுக்கு ஓர் எழுத்துரு, ரோமனுக்கு இன்னொன்று என்று எம்பிடிஎஃப் தானாகப் பிரித்துக்கொண்டதால் ஒரே வரி இரண்டு விதமாகத் தெரிந்தது. பாணிக் கோப்பில் (எழுத்துரு, அளவு, அமைப்பு ஆகியவற்றைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு) முழு உரைக்கும் ஃப்ரீசெரிஃப் என்று எழுதியதும் வரி ஒன்றுபட்டது.

இனி அழகு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். செருகுநிரலின் வார்ப்புரு கோப்புறையை நகலெடுத்து வேறு பெயர் வையுங்கள். மேற்குறிப்பு, அடிக்குறிப்பு, அட்டை, பாணி ஒவ்வொன்றுக்கும் அதில் தனிக் கோப்பு இருக்கிறது. பக்க எண், தலைப்பு, தேதி ஆகியவற்றுக்கு உரிய குறிகளை இட்டால் அது தானே நிரப்பிக்கொள்ளும். இருபக்க அச்சுக்கு ஒற்றைப்படைப் பக்கத்துக்கும் இரட்டைப்படைப் பக்கத்துக்கும் வெவ்வேறு மேற்குறிப்பு வைக்கலாம். இடப்பக்கம் தோட்டத்தின் பெயர், வலப்பக்கம் அந்தப் பக்கத்தின் தலைப்பு என்று வைத்தேன். அச்சகத்துக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு யார் வடிவமைத்தது என்று கேட்டார். எனக்கு அது பெரிய சந்தோஷம். உரையை இரு ஓரமும் ஒட்டும்படி நெருக்காதீர்கள். நம் சொற்கள் நீளம், நடுவில் பொந்து பொந்தாக வெள்ளை விழும். இடப்பக்கம் ஒட்டி விடுவதே படிக்க இதம்.

ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் அந்தப் பக்கத்தின் இணைய முகவரியைக் கியூஆர் குறியாக அச்சிடும் வசதியும் இருக்கிறது. பெரியவர் தாளில் படிப்பார், பேத்தி கைப்பேசியைக் காட்டி மற்றப் படங்களைத் திறந்து கொடுப்பாள். இதை அணைத்துவிடாதீர்கள். பல பக்கங்களைத் தொகுத்து ஒரே நூலாக்க புக்கிரியேட்டர் என்ற இன்னொரு செருகுநிரல் வேண்டும். பக்கங்களைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் பொருளடக்கத்தோடு வந்துவிடும்.

அட்டவணைகள்தான் இதன் பலவீனம். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர்ந்த எங்கள் தோட்டத்துக் குடும்பங்களின் பட்டியல் அகலமானது. தாளுக்குள் அடங்காத அட்டவணையை எம்பிடிஎஃப் எழுத்தைச் சிறிதாக்கி அடக்கும். மூக்குக்கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவுக்குச் சிறிதாகிவிட்டது. பெயர் ஒரு பட்டியலாக, லயமும் வேலையும் இன்னொரு பட்டியலாகப் பிரித்தோம். புதிய சிஎஸ்எஸ் உத்திகளான ஃப்ளெக்ஸ், கிரிட் எதுவும் இதில் எடுபடாது. பெரிய புகைப்படங்கள் நிறைய இருந்தால் வழங்கியின் நினைவகம் திணறும், அதனால் படங்களைக் குறுக்கிவிட்டு ஏற்றுங்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டும்போது எழுத்து கலைவதும் உண்டு. மேற்கோள் வேண்டுமானால் விக்கிப் பக்கத்திலிருந்தே எடுங்கள். டோக்குவிக்கி எல்லாவற்றையும் சாதாரண உரைக் கோப்பாகத்தான் வைத்திருக்கிறது, மூலம் எங்கேயும் போகாது.

சிஎஸ்எஸ் நன்றாகத் தெரிந்தவர்கள், இணையப் பக்கத்தைப் பிடிஎஃப்பாக்கும் வீசிபிரிண்ட் என்ற நிரலையும் பார்க்கலாம். அதிலும் தமிழ் எழுத்து சரியாக விழும், பக்க அமைப்பில் கட்டுப்பாடும் அதிகம். ஆனால் விக்கியோடு இணைக்க யாராவது உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும். எங்களைப் போன்ற சங்கங்களுக்கு அது கட்டாது.

சரி, தொடங்கப்போகிறவர்களுக்கு ஒன்று: பழைய ஆண்டு மலர்க் கோப்புகள் யூனிகோடுக்கு முந்தியவை என்றால் விக்கியில் ஏற்றும் முன்பே மாற்றிவிடுங்கள். புதிதாகத் தமிழில் தட்டச்சு செய்ய நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளோ, கைப்பேசியில் செல்லினம் செயலியோ போதும். அப்புறம், முழு நூலையும் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு பக்கத்தை மட்டும் ஏ4 தாளில் எடுத்து, உங்கள் தோட்டத்திலேயே மூத்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து அளவை அவர் சொல்லுக்கு ஏற்ப வையுங்கள். நாங்கள் 14 புள்ளியில் நிறுத்தினோம்.