மூன்று இலையா, ஒற்றை இலையா?

1964-ல் கனடா தனக்கென்று ஒரு கொடி தேடியபோது, நாடாளுமன்றக் குழுவின் கடைசிச் சுற்றில் நின்றவை மேப்பிள் மர இலை பொறித்த இரண்டு கொடிகள்.

பிரதமர் லெஸ்டர் பியர்சனுக்குப் பிடித்தது மூன்று இலைக் கொடி. வெள்ளைத் துணியின் நடுவே ஒரே காம்பில் மூன்று சிவப்பு இலைகள். இரு ஓரத்திலும் நீலப் பட்டை. 'கடல் முதல் கடல் வரை' என்ற கனடாவின் குறிக்கோள் வாசகத்தை அந்த நீலம் சொல்கிறது. அழகான கருத்துதான். ஆனால் பக்கத்தில் நின்று விளக்க ஓர் ஆள் வேண்டும்! 1921-லேயே கனடாவின் நிறங்கள் சிவப்பும் வெள்ளையும் என்று முடிவாகிவிட்டது. நீலத்துக்கு அதில் இடமில்லை.

வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஸ்டான்லி முன்வைத்தது ஒற்றை இலை. கிங்ஸ்டன் ராணுவக் கல்லூரிக் கொடியின் சிவப்பு-வெள்ளை-சிவப்பு அமைப்பிலிருந்து பிறந்த யோசனை அது. நடுவில் வெள்ளைச் சதுரம், இருபுறமும் அதில் பாதி அகலச் சிவப்பு. இறுதி வடிவத்தில் இலைக்குப் பதினொரு முனைகள். தொலைவில் படபடத்தாலும் இலை இலையாகவே தெரியும். என் ஓட்டும் இதற்குத்தான்.

குழுவில் நடந்தது வேடிக்கை. ஆளும் லிபரல்கள் பிரதமரின் கொடியை ஆதரிப்பார்கள் என்று நினைத்து, எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ்கள் ஒற்றை இலைக்கு வாக்களித்தார்கள். லிபரல்களும் அதற்கே போட்டார்கள்: 14-0. பிரிட்டிஷ் கொடியை மூலையில் தாங்கிய பழைய சிவப்புக் கொடிக்காக கன்சர்வேடிவ் தலைவர் டீஃபன்பேக்கர் தொடர்ந்து போராடியும் பலனில்லை. 1965 பிப்ரவரி 15 அன்று ஒட்டாவாவில் ஒற்றை இலை ஏறியது.