ஒட்டுத்தாள் அசல், ஜாடி நேற்றையது

உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சீன ஜாடிகளைச் சேர்ப்பவர்கள் ஹாங்காங் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். சிங்கப்பூரில் எங்கள் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பெரிய ஜாடிக்கு இடமுமில்லை, அதற்கான காசும் என்னிடமில்லை. அதனால் எட்டு வருடமாகச் சின்னதுகளோடு சரி. ஓரளவு பார்க்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்குத்தான் அடி.

வேலை விஷயமாக ஹாங்காங் போனவன் ஒரு மதியம் பழம்பொருள் கடைகள் உள்ள அப்பர் லஸ்கர் ரோவுக்கு நடந்தேன். லஸ்கர் என்றால் கப்பலில் வேலை பார்த்த இந்திய மாலுமி. அவர்கள் தங்கிய தெரு என்பதால் அந்தப் பெயர். பூனைத் தெரு என்றும் சொல்வார்கள். திருட்டுப் பொருள் எலி, மோப்பம் பிடித்து வாங்க வருபவர் பூனை என்பது அங்கே வழங்கும் கதை. அன்று நான் பூனையாகப் போனதாக நினைப்பு.

கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை, தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் கீழ் இழுப்பறையிலிருந்து அதை எடுத்தார். வெள்ளையில் நீலப் பூ, ஏழு சென்டிமீட்டர் உயரம், தோளில் பவளப் படிவும் இரண்டு சிப்பி ஓடும். அடியில் ஏல நிறுவனத்தின் ஒட்டுத்தாள். “தெக் சிங்,” என்றார்.

தெக் சிங் கதை இந்தப் பித்து பிடித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1822 பிப்ரவரியில், அமோயிலிருந்து (இன்றைய சியாமென்) பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போகும் வழியில் காஸ்பர் நீரிணையில் பாறையில் மோதி மூழ்கிய சீனக் கப்பல். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1999-ல் சரக்கைக் கண்டெடுத்து, 2000 நவம்பரில் ஸ்டுட்கார்ட்டில் ஏலம் விட்டார்கள். ஏறக்குறைய மூன்றரை லட்சம் உருப்படிகள், பெரும்பாலும் ஃபூஜியன் மாகாணத்துத் தெஹுவா சூளைகளில் சுட்டவை. கடைக்காரர் இதையெல்லாம் சொன்னார், ஒரு வருடம் கூடப் பிசகவில்லை. கதை சரியாக இருந்ததால் ஜாடியை நான் சரியாகப் பார்க்கவில்லை. 3,800 ஹாங்காங் டாலர் என்றவரை 2,600-க்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று பெருமை வேறு. நம் பணத்தில் சுமார் 450 வெள்ளி.

கடலில் கிடந்த பீங்கானை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். ஏலத்துக்கு முன்பே செய்திருப்பார்கள்தான், இருந்தாலும் ஒட்டுத்தாளைப் பத்திரமாக உரித்து வைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் ஜாடியைப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் என் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

“என்னங்க, உங்க இருநூறு வருஷம் கழண்டு கிடக்கு.”

பவளமும் சிப்பியும் கிண்ணத்தின் அடியில். தண்ணீர் மேல் பால் ஆடை மாதிரி பசை. அது ஒட்டியிருந்த இடத்தில் மெருகு புதுத் தட்டு போல மினுக்கியது. உண்மையான படிவு அப்படிச் சுலபமாக விடாது, விட்டாலும் பல சமயம் கீழே தடம் இருக்கும். அடிவளையத்தின் பழுப்பு நிறமும் விரலோடு வந்துவிட்டது. உள்ளே விரலை விட்டேன். பழைய சின்ன ஜாடிகள் பலவற்றை மேல் பாதி, கீழ் பாதியாகச் செய்து ஒட்டியிருப்பார்கள். வயிற்றருகே அந்த மேடு தட்டும். இதில் ஒன்றுமில்லை, வழவழவென்று இருந்தது. கடையிலேயே விட்டுப் பார்த்திருக்கலாம். எனக்குத் தேநீர் முக்கியமாகப் போய்விட்டது.

ஒட்டுத்தாள் மட்டும் உறுத்தியது. அது அசல் போலவே இருந்தது. அந்த ஏலத்தின் பட்டியல் புத்தகம் வைத்திருக்கும் நண்பரிடம் எண்ணைச் சொன்னேன். எண் இருந்தது, பீங்கான் கரண்டிகளுக்கு! உடைந்த கரண்டியிலிருந்து உரித்து ஜாடிக்கு மாற்றியிருக்கிறார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று பில்லை எடுத்தேன். முழுக்கச் சீன எழுத்து, சிவப்பு முத்திரை. அலுவலகத்தில் பக்கத்து மேசைச் சீனத் தோழியிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, உடனே மன்னிப்பும் கேட்டாள். “ஃபாங்கூ கைவினைப் பொருள், ஒன்று” என்று எழுதியிருந்ததாம். ஃபாங்கூ என்றால் பழசு போலச் செய்தது. கடைக்குப் போன் போட்டபோது அவரும் அதையேதான் சொன்னார், மிகப் பணிவாக: “பில்லில் எழுதித்தானே கொடுத்தேன்?” தெக் சிங் என்று வாயால் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை.

இப்படி ஏமாறுவதைச் சீனச் சேகரிப்பாளர்கள் ‘தா யென்’ என்பார்கள், கண்ணில் அடி வாங்குவது. என் மனைவி அதற்குத் தமிழில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அங்கே வாங்குகிறவர்கள், பணம் கொடுக்குமுன் பில்லைப் படம் எடுத்துச் சீனம் தெரிந்த யாருக்காவது அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். எந்தக் காலத்துப் பொருள், எந்தக் கப்பல் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், தேநீரைக் குடித்துவிட்டே வரலாம். கப்பல் சரக்கு என்றால் ஒட்டுத்தாள் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிடாமல் காசை எடுக்காதீர்கள். சிப்பி ஒட்டிய ஜாடி என்றால் கூடுதல் சந்தேகம் இருக்கட்டும். அந்த இழுப்பறையில் இன்னும் நான்கைந்து பார்த்தேன், எல்லாவற்றிலும் தோளில்தான் சிப்பி.